பெலிக்கன் பள்ளத்தாக்கில் ஓநாயும் கரடியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் தமிழில் இயற்கை நடை நடத்தும் தொண்டூழியர்களில் நானும் ஒருவன். வருபவர்களில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் அதிகம். அவர்களுடன் பெற்றோர், தாத்தா பாட்டிகள், ஞாயிறு ஓய்வில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியிலிருந்து கிளம்பி வரும் தம்பிமார் சிலர். முதலையைக் காட்டிவிட்டால் போதும், பிள்ளைகளின் பேச்சு மோதலுக்குத் தாவிவிடும். முதலையா உடும்பா, நீர்நாயா மலைப்பாம்பா என்று தொடங்கி, எப்படியும் ஓநாயா கரடியா என்பதில் வந்து நிற்கும். "அங்கிள், ஓநாய்க் கூட்டமும் ஒரு கரடியும் சண்ட போட்டா யாரு ஜெயிப்பா?"

புதிதாக வரும் வழிகாட்டிகள் இதைச் சிறுபிள்ளைக் கேள்வி என்று சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது நல்ல கேள்வி. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தொலைநோக்கியும் கழுத்துப் பட்டைக் கருவியும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் பார்த்துவரும் கேள்வி. அவர்கள் கண்டதை நம் வழிகாட்டிகளும் தமிழாசிரியர்களும் எடுத்துச் சொல்ல வசதியாக இங்கே ஒரு நிகழ்வு ஆய்வாகத் தொகுத்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த கிரிஸ்லி கரடியும் (வட அமெரிக்கப் பழுப்புக் கரடி) ஓநாய்க் கூட்டமும் இறைச்சிக்காக எதிரெதிர் நின்றால், பெரும்பாலும் இறைச்சி கரடிக்குத்தான். குட்டிக்காகவோ குகைக்காகவோ நின்றால் கணக்கு வேறு. ஆகவே யார் வெல்வார் என்று பிள்ளைகள் கேட்டால், எதற்காக மோதுகிறார்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

இடமும் காலமும்

எல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரைப்போல் பன்னிரண்டு மடங்கு. அங்கே ஓநாய்களை மனிதர்கள் திட்டமிட்டே ஒழித்தார்கள். 1926இல் கடைசி ஓநாய்களும் கொல்லப்பட்டன. அதன்பிறகு எழுபது ஆண்டுகளுக்குக் கரடி இருந்தது, ஓநாய் இல்லை. 1995இல் கனடாவின் அல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்களையும், 1996இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 ஓநாய்களையும் கொண்டுவந்து விட்டார்கள்.

கரடியின் நிலையும் ஒருகாலத்தில் மோசம்தான். 1975இல் அச்சுறுத்தலுக்குள்ளான விலங்கு என்று சட்டப் பாதுகாப்பு கிடைத்தபோது, எல்லோஸ்டோனும் அதைச் சுற்றியிருக்கும் காடுகளும் சேர்ந்த பெரும்பகுதியில் இருந்த கிரிஸ்லி கரடிகள் 136 என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஓநாய்கள் திரும்பிய நேரத்தில் கரடிகளும் பெருகிக்கொண்டிருந்தன. ஆக, ஒன்றையொன்று பார்த்தே பழகாத இரண்டு வேட்டைக்காரர்கள் ஒரே நிலத்தில் புதிதாகச் சந்தித்துக்கொண்டார்கள். அந்தச் சந்திப்பை முதல் நாளிலிருந்தே பதிவுசெய்ய ஆள் இருந்தது. இப்படியொரு வாய்ப்பு ஆய்வுலகில் மிக அரிது.

பெலிக்கன் பள்ளத்தாக்கு அந்தப் பூங்காவின் நடுவே, எல்லோஸ்டோன் ஏரிக்கு வடக்கே இருக்கிறது. திறந்த புல்வெளி, குளிர்காலத்தில் இடுப்பளவுக்குப் பனி. கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் ஏப்ரல் 1 முதல் ஜூலை 3 வரை மனிதர் யாரும் உள்ளே போகக் கூடாது. அதன்பிறகும் பகலில் மட்டும்தான் அனுமதி. இந்தப் பள்ளத்தாக்கைத் தன் வசமாக்கிக்கொண்ட ஓநாய்க் கூட்டத்துக்கு மோலி கூட்டம் என்று பெயர். ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டு 1996இல் மறைந்த அதிகாரி மோலி பீட்டியின் நினைவாக வைத்த பெயர். கடுங்குளிரில் எல்க் மான்கள் கீழே இறங்கிவிடும். பள்ளத்தாக்கில் மிஞ்சுவது பைசன் என்னும் காட்டெருது மட்டுமே. வளர்ந்த ஆண் பைசன் 900 கிலோ வரை இருக்கும். அதையே வேட்டையாடிப் பழகிய கூட்டம் இது. ஓநாய்களில் முரட்டுக் கூட்டம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அப்படிப்பட்ட கூட்டம் கரடியிடம் என்ன ஆகிறது என்பதுதான் நம் ஆய்வுப்பொருள்.

இரு தரப்பு

எல்லோஸ்டோன் ஆண் ஓநாய் 45 முதல் 60 கிலோ. பெண் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கூட்டத்தில் சராசரியாகப் பத்து உருப்படி. ஆண் கிரிஸ்லி 90இல் தொடங்கி 300 கிலோவைத் தாண்டிப் போகும். பெண் 90 முதல் 180 வரை. மொத்த எடையைக் கூட்டிப் பார்த்தால் பத்து ஓநாய்களின் பக்கமே தராசு சாயும். பிள்ளைகளும் கையிலிருக்கும் கைப்பேசியில் கூட்டிப் பார்த்து ஓநாய்தான் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கூட்டல் சரி. ஆனால் அடி வாங்குவது கூட்டம் அல்ல, ஒவ்வோர் ஓநாயும் தனித்தனியாக. கரடியின் தோளில் மேடுபோல் புடைத்திருப்பது முழுக்கத் தசை. மண்ணைத் தோண்டவும் பாறையைப் புரட்டவும் வளர்ந்த தசை அது. முன்னங்கால் நகங்கள் 5 முதல் 10 சென்டிமீட்டர். தடித்த தோல், அடர்ந்த ரோமம், அதற்கடியில் கொழுப்பு. ஓநாயின் ஆயுதம் வாய் ஒன்றுதான். ஓடுகிற இரையைத் துரத்திக் களைக்க வைத்து, தொடையையும் தொண்டையையும் கிழிப்பது அதன் வழி. ஓடாமல் நின்று திரும்பி அறையும் எதிரியிடம் அந்த வழி செல்லாது.

சடலத்தைச் சுற்றி நடப்பது

ஒரே ஒரு நாளின் கதையாக இதைச் சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் பலமுறை பார்த்துப் பதிவான வரிசை இது. சில்லறை மாற்றங்களோடு திரும்பத் திரும்ப நடப்பது.

விடியலில் ஓநாய்கள் ஓர் இளம் எல்க்கை வீழ்த்திவிடுகின்றன. வயிற்றைக் கிழித்து ஈரலையும் நுரையீரலையும் முதலில் தின்கின்றன. ஓர் ஓநாய் ஒரே மூச்சில் 9 கிலோ வரை தின்னக்கூடியது. அவசரம் இல்லாமல் அப்படித் தின்னும் விலங்கு எதுவும் இல்லை. வேறு யாரோ வரப்போகிறார்கள் என்பது அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. அண்டங்காக்கைகள் வந்து இறங்கிவிடும். காக்கைகள் வட்டமிடுவது தொலைவிலிருந்தே தெரியும், காற்று வாடையையும் கொண்டுபோகும்.

கரடி வருவதில் ஒளிவுமறைவு இல்லை. மூக்கை உயர்த்தி, தலையை இடமும் வலமும் ஆட்டி, காற்று வரும் திசைக்கு நேராக நடந்து வருகிறது. ஓநாய்கள் தலை தூக்கிப் பார்க்கின்றன. இரண்டு மூன்று எழுந்து போய் வழியை மறிக்கின்றன. கரடி நிற்காமல் வருகிறது. ஓர் ஓநாய் முன்னால் நின்று வம்புக்கு இழுக்க, இன்னொன்று பின்னால் போய்த் தொடையைக் கடிக்கப் பார்க்கிறது. ஓநாய்க்குத் தெரிந்த சண்டை இந்தப் பின்பக்கத் தாக்குதல்தான். அதற்குக் கரடியிடம் ஒரு பதில் இருக்கிறது. அது அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. பின்பக்கம் தரையோடு தரையாகிவிட்டால் கடிக்க இடமில்லை. முன்னங்கால்கள் இரண்டும் விடுதலை. சுற்றிச் சுற்றி வரும் ஓநாய்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பித் திரும்பி அறைகிறது.

அங்கிருந்து ஒவ்வொரு தாவலாகச் சடலத்தை எட்டிவிடுகிறது. எட்டியதும் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். வயிறாரத் தின்றபிறகு மண்ணையும் புல்லையும் வேரோடு வாரி இழுத்து மேட்டைப்போல் மூடிவிட்டு அதன்மேல் தூங்கும். ஓநாய்கள் இருபது முப்பது அடி தள்ளிச் சுருண்டு படுத்துக் காத்திருக்கின்றன. இடையிடையே ஒன்று துணிந்து ஓடிப்போய் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். அன்றைய பங்கு அவ்வளவுதான்.

வசந்தத்தில் கரடிகள் குகையைவிட்டு வெளிவந்ததிலிருந்து இலையுதிர்காலம் வரை, இந்தப் பள்ளத்தாக்கில் ஓநாய் வீழ்த்திய இரை பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. சிலசமயம் ஒரே சடலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கரடிகள் வந்துவிடும். அப்போது ஓநாய்கள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன, கரடிகளுக்குள்தான் சண்டை.

இதில் கவனிக்க வேண்டியது: இத்தனை உறுமலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே பெரும்பாலும் யாரும் சாவதில்லை. வளர்ந்த கரடியை ஓநாய்கள் கொல்வதும், வளர்ந்த ஓநாயைக் கரடி கொல்வதும் எப்போதாவது நடக்கிறது. வழக்கமான முடிவு அது அல்ல. பிள்ளைகள் எதிர்பார்க்கும் சண்டைக்கும் காட்டில் நடக்கும் சண்டைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த இடத்தில் இருக்கிறது.

ஏன் விட்டுக்கொடுக்கிறது

பத்து ஓநாய்கள் உயிரைக் கொடுத்துப் போராடினால் கரடியை விரட்ட முடியாதா? முடியலாம். அதற்கு என்ன விலை என்பதுதான் ஓநாயின் கணக்கு. எல்லோஸ்டோனில் ஓநாயின் சராசரி ஆயுள் நாலைந்து ஆண்டுகள். எல்க் வேட்டையில் ஐந்துக்கு ஒன்று பலித்தாலே பெரிது. தாடை உடைந்தாலோ முன்னங்கால் முறிந்தாலோ அடுத்த வேட்டை கிடையாது. கூட்டத்தில் இரண்டு பேருக்குக் காயம் என்றால் குட்டிகளின் வயிறும் காயும். ஏற்கெனவே பாதி வயிறு நிரம்பிய நிலையில், மிச்ச இறைச்சிக்காக அந்தக் காயத்தை வாங்குவது கட்டுப்படியாகாது.

கரடியின் பக்கம் பாருங்கள். ஐந்து மாதம் குகையில் எதையும் தின்னாமல் கிடந்து, மெலிந்து வெளியே வருகிறது. வசந்தத்தில் கிடைக்கும் முதல் கொழுத்த உணவு இந்தச் சடலம்தான். பெலிக்கன் ஓடையில் முட்டையிட வரும் நன்னீர் மீன்கள் முன்பு கரடிக்குப் பெரிய ஆதாரமாக இருந்தன. எல்லோஸ்டோன் ஏரியில் யாரோ கொண்டுவிட்ட வேற்றின ஏரி டிரவுட் மீன் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது உள்ளூர் மீனைத் தின்று குறைத்துவிட்டது. மீன் குறையக் குறைய இறைச்சியின் மதிப்பு கரடிக்குக் கூடிக்கொண்டே போனது. பசி அதிகம் உள்ளவன் அதிகம் துணிவான். காயத்தைத் தாங்கும் உடம்பும் அவனிடமே இருந்தால் எதிராளி ஒதுங்கத்தான் வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பேச்சே இல்லை. கரடி குகையில் இருக்கும். அந்த மாதங்களில் ஓநாய் தான் கொன்றதைத் தானே தின்னும். அதனால் கேள்வியில் விலங்கின் பெயர் மட்டும் போதாது, மாதமும் வேண்டும்.

கணக்கு தலைகீழாகும் இடங்கள்

இங்கேதான் ஓநாயின் ஆதரவாளர்களுக்கு நியாயம் கிடைக்கிறது. குட்டிகளோடு வரும் தாய்க் கரடி வேறு ஆள். தனி ஆண் கரடிபோல் அவள் நேராகச் சடலத்துக்கு நடப்பதில்லை. உட்கார்ந்து அறையும் உத்தியும் அவளுக்குப் பயன்படாது. அவள் உட்கார்ந்தால் குட்டிகள் வெளியே நிற்கும். முன்னால் இரண்டு ஓநாய்கள் அவளை வேலை வாங்கும்போது பின்னால் வரும் மூன்றாவதைத் தடுக்க முடியாது. பூங்காவின் கரடி ஆய்வாளர் கெர்ரி குந்தரும் ஓநாய்த் திட்டத்தை நடத்திய டக் ஸ்மித்தும் 2004இல் இதைத் தனியாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். கரடிக் குட்டிகளை ஓநாய்கள் கொன்றிருக்கக்கூடிய நிகழ்வுகளும் அதில் இருக்கின்றன.

ஓநாயின் குகை வாசல் இன்னோர் இடம். ஏப்ரலில் ஓநாய் குட்டி போடுகிறது. அந்த நேரத்தில் கரடி அந்தப் பக்கம் வந்தால், சடலத்தருகே ஒதுங்கி நின்ற அதே ஓநாய்கள் பின்வாங்குவதில்லை. விடாமல் கடித்து விரட்டுகின்றன. கரடியும் பெரும்பாலும் போய்விடுகிறது. அதற்கு அங்கே பெரிய ஆதாயம் இல்லை, எதிரிக்கோ குலமே அங்கேதான் இருக்கிறது. போன முறை நடையில் ஒரு மாணவன் கைப்பேசியில் காட்டிய காணொளியும் இப்படிப்பட்டதுதான். ஆறேழு ஓநாய்கள் ஒரு கரடியைச் சரிவில் துரத்தி இறக்குகின்றன. "பாத்தீங்களா அங்கிள், கரடி தோத்துப்போச்சு" என்றான். காணொளியில் சடலம் தெரிகிறதா, கரடி வளர்ந்ததா இளசா, எந்த மாதத்துப் புல் அது என்று மூன்றையும் அவனையே பார்க்கச் சொன்னேன். சடலம் இல்லை, புல் பச்சை, கரடி ஓநாயைவிட இரண்டு மடங்குகூட இல்லை. இளங்கரடி ஒன்று தவறான வாசலில் போய் நின்றிருக்கலாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

கருங்கரடியின் விஷயம் முற்றிலும் வேறு. அமெரிக்கக் கருங்கரடி கிரிஸ்லியைவிடச் சிறியது. ஆபத்து வந்தால் மரத்தில் ஏறிவிடுவது அதன் வழக்கம். மரம் கிட்டே இல்லாவிட்டால், அல்லது குளிர்காலத் தூக்கத்தில் குகைக்குள் இருந்தால், ஓநாய்க் கூட்டம் அதைக் கொல்லும். 1977இல் மினசோட்டாவில் ஒரு தாயையும் புதிதாகப் பிறந்த குட்டிகளையும் ஓநாய்கள் குகையிலேயே கொன்றதை லின் ராஜர்ஸ், டேவிட் மீச் இருவரும் பதிவுசெய்திருக்கிறார்கள். கனடாவிலும் இப்படி நடந்திருக்கிறது. அதனால் "கரடி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லக் கூடாது; எந்தக் கரடி என்று கேட்க வேண்டும்.

எதிர்பாராத கண்டுபிடிப்பு

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். கரடி ஓநாயின் இரையைப் பறித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் ஓநாய் என்ன செய்யும்? நடையில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள், பெற்றோர், எல்லாரும் ஒரே பதில் சொல்வார்கள்: பறிகொடுத்ததை ஈடுகட்ட ஓநாய் இன்னும் அடிக்கடி வேட்டையாடும். ஆய்வாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். இரையைப் பறிகொடுக்கும் மற்ற சில வேட்டை விலங்குகள் அப்படிச் செய்வதும் உண்டு.

எய்மி டாலியன் தலைமையில் ஒரு குழு எல்லோஸ்டோனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் இதை அளந்து 2017இல் வெளியிட்டது. ஓநாய்களின் கழுத்துப் பட்டையிலிருந்து வரும் இடக் குறிப்புகள் ஒரே புள்ளியில் குவிந்தால், அங்கே ஆள் நடந்துபோய் இரை கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு வேட்டைகளுக்கு நடுவே எத்தனை நாள் என்பது அப்படித் தெரியவரும். அமெரிக்காவில் எல்க், ஸ்வீடனில் மூஸ் மான். நிலம் வேறு, இரை வேறு, ஓநாயின் வம்சாவளி வேறு. இருந்தும் இரண்டு கண்டங்களிலும் விடை ஒன்றே. கரடி குறுக்கிடும் இடத்தில் ஓநாய் வேட்டையாடும் இடைவெளி நீண்டது. அதாவது அது குறைவாகவே கொன்றது.

காரணமாக இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். முதலாவது, காத்திருத்தல். கரடி படுத்திருக்கும் சடலத்தைச் சுற்றி ஓநாய்கள் கிடந்ததைப் பார்த்தோமே, அந்த நேரமெல்லாம் வேட்டைக்குப் போகாத நேரம். இன்னொரு எல்க்கைத் துரத்தி உதை வாங்குவதைவிட, மிச்சத்துக்குக் காத்திருப்பது மலிவு. இரண்டாவது, வசந்தத்தில் பிறக்கும் மான்குட்டிகள். கரடியும் அவற்றைத் தேடித் தேடித் தின்கிறது. எளிதாகப் பிடிபடும் குட்டிகளைக் கரடி முன்கூட்டியே எடுத்துவிட்டால், ஓநாய் அடுத்த இரையைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகும். இரண்டாவதில் நேருக்கு நேர் மோதலே இல்லை என்பதைப் பாருங்கள். கரடி எங்கோ ஓர் ஓடைக்கரையில் மான்குட்டியைத் தின்றுகொண்டிருக்கும். ஓநாய் பத்து மைல் தள்ளி அலைந்துகொண்டிருக்கும். தோல்வி அங்கே நடந்துகொண்டிருக்கும்.

சண்டையைப் பற்றிப் பேசும்போது நாம் அறைவதையும் கடிப்பதையும் மட்டுமே பார்க்கிறோம். ஓநாய்க்கு உண்மையில் இழப்பைத் தந்தது வீணான நாட்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. பெரியவர்கள் சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கிறது. இருக்கட்டும், உண்மை இதுதான், அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெலிக்கன் போன்ற திறந்த புல்வெளியில் நடப்பதே கண்ணில் படுகிறது. அடர்ந்த காட்டுக்குள், இரவில் நடப்பதை யாரும் மலைமேல் உட்கார்ந்து பார்க்க முடியாது. சடலம் கரடியை இழுப்பதுபோல் ஆய்வாளரையும் இழுக்கிறது. அதனால் பதிவுகளில் இறைச்சிச் சண்டைக்கு இடம் அதிகம். கழுத்துப் பட்டைத் தரவுகள் வந்தபிறகுதான் கண்ணுக்குத் தெரியாத பகுதியும் கணக்கில் ஏறியது.

நம் பக்கத்துக் கரடியும் நாயும்

நடைக்கு வரும் தம்பிமாரில் ஒருவர் கூடலூர்ப் பக்கம். முதுமலை ஓரத்துக் கிராமம். ஓநாய்ப் பேச்சு வந்தபோது அவர் செந்நாயைப் பற்றிச் சொன்னார். "சின்ன உருவந்தாண்ணே. ஆனா கூட்டமா வந்து மானை மறிச்சா சத்தமே இருக்காது, விசில் அடிக்கிற மாதிரி ஒண்ணுக்கொண்ணு கூப்பிட்டுக்கும். சிறுத்தை மரத்துல ஏறிக்கும்." பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். செந்நாய் 12 முதல் 20 கிலோதான். ஓநாயில் பாதிகூட இல்லை. கரடியைப் பற்றிக் கேட்டபோது அவர் குரல் மாறியது. "கரடிகிட்ட மட்டும் யாரும் வெளாட மாட்டாங்க. யானையக்கூட சத்தம் போட்டு ஒதுக்கிடலாம். கரடி திடீர்னு எந்திரிச்சு மூஞ்சியத்தான் புடிக்கும்."

அவர் சொன்னது தேன் கரடியை. சிங்கப்பூரில் நைட் சஃபாரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கறையானும் பழமும் தின்னும் விலங்கு. யாருடைய இறைச்சியையும் பறிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் புலியையே எதிர்த்து நிற்கும். புலிக்கும் தேன் கரடிக்கும் நடந்த 43 மோதல்களைத் தொகுத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 86 விழுக்காட்டில் கரடி சாகாமல் தப்பியது. மரம் ஏறித் தப்பிக்க முடியாத இடத்தில், புலியைவிட வேகமாக ஓடவும் முடியாத உடம்போடு, அதற்கு மிஞ்சிய ஒரே வழி முந்திக்கொண்டு எழுந்து பாய்வது. கூடலூர்த் தம்பி பயந்த அதே பாய்ச்சல்தான் புலியையும் தயங்க வைக்கிறது. கிரிஸ்லி இறைச்சிக்காகத் துணிகிறது, தேன் கரடி உயிருக்காகத் துணிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மூர்க்கமாகத் தெரியும்.

சுங்கை பூலோவில் என்ன காட்டலாம்

இங்கே ஓநாயும் இல்லை, காட்டுக் கரடியும் இல்லை. கூட்டமாக வாழும் சிறிய வேட்டைக்காரனும் தனியாக வாழும் பெரிய வேட்டைக்காரனும் இருக்கிறார்கள். 1970களில் மறைந்துபோன நீர்நாய் 1998இல் சுங்கை பூலோவுக்குத்தான் முதலில் திரும்பி வந்தது. எடை 7 முதல் 11 கிலோ. அதே நீரில் உவர்நீர் முதலை. பெரிய பாலத்தின் மேல் நின்றால் நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டில் முதலை கிடப்பதைப் பார்க்கலாம். நீர்நாய்க் குடும்பம் அந்தப் பக்கம் வரும்போது கலைந்து ஓடுவதில்லை. நெருங்கி நின்று, தலையைத் தூக்கி, ஒன்றாகச் சேர்ந்து சீறுகின்றன. குட்டிகள் நடுவில். முதலை சிலசமயம் நீருக்குள் நழுவிவிடும்.

நீர்நாய் ஜெயித்துவிட்டது என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். அங்கேயே நிறுத்தி, எதற்காக நின்றது என்று கேட்பது என் வழக்கம். அங்கே பங்குபோட இறைச்சி இல்லை. மறைந்திருந்து பிடிப்பதே முதலையின் தொழில். எல்லாக் கண்களும் தன்னைப் பார்த்துவிட்டபிறகு அங்கே கிடப்பதில் அதற்குப் பயன் இல்லை. பெலிக்கன் பள்ளத்தாக்கில் கரடிக்குப் பதுங்கி வரத் தேவையே இல்லை, நேராக நடந்து வந்தது. அதனால் ஓநாய்கள் பார்த்தாலும் குரைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பலிக்காததன் காரணம் இது.

சரி, கரடியிடம் அவ்வளவாகப் பலிக்காத கூட்டத்தை ஓநாய் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? எல்லோஸ்டோனில் ஓநாய்களின் இயற்கைச் சாவுக்கு முதல் காரணம் கரடி அல்ல, எல்க்கின் குளம்பும் அல்ல. பக்கத்துக் கூட்டத்து ஓநாய். எல்லைத் தகராறில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் ஓநாயைப் பிடித்தால் கொல்லவே செய்கிறது. சடலத்தருகே அவ்வளவு நிதானமாகக் கணக்குப் பார்க்கும் விலங்கு, தன் இனத்தோடு மோதும்போது அந்த நிதானத்தை விட்டுவிடுகிறது. ஏனென்றால் அங்கே பணயம் ஒரு வேளை உணவு அல்ல. நிலம், வேட்டைக்களம், அடுத்த ஆண்டின் குட்டிகள்.

கிரா கேசிடியும் உடன் ஆய்வாளர்களும் அப்படிப்பட்ட கூட்ட மோதல்களை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். எதிர்க்கூட்டத்தைவிட ஓர் ஓநாய் அதிகம் இருந்தால் வெல்லும் வாய்ப்பு விகிதம் 140 விழுக்காடு கூடுகிறது. ஆறு வயதைத் தாண்டிய கிழ ஓநாய் ஒன்று அதிகம் இருந்தால் 150 விழுக்காடு. அந்தக் கிழ ஓநாய்க்கு ஓட்டம் குறைந்திருக்கும், பல் தேய்ந்திருக்கும். ஆனால் எப்போது பாய்வது, எப்போது விலகுவது என்பது தெரிந்திருக்கும். பேரப்பிள்ளையைக் கூட்டி வந்திருந்த ஒரு பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "அந்த எண்ண மறுபடி சொல்லுங்க தம்பி" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சிங்கப்பூரின் நீர்நாய்களிடமும் இதே வகைச் சண்டைதான் கடுமையானது. பீஷான் குடும்பமும் மரினா குடும்பமும் காலாங் ஆற்றிலும் மரினா நீர்நிலையிலும் எல்லைக்காக மோதியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். குட்டிகள் மாண்டதும் உண்டு. முதலையோ மலைப்பாம்போ அவ்வளவு ஆத்திரத்தை அவற்றிடம் எழுப்புவதில்லை. வழிகாட்டிகள் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: பார்க்க நிற்பவர்களைப் பின்னால் நகர்த்துங்கள், நாயோடு வருபவர்களிடம் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், தோற்ற பக்கத்துக் குட்டி தனியே நின்றாலும் யாரையும் தூக்க விடாதீர்கள்; தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் கொடுங்கள். பெரும்பாலும் தாய் அந்தக் குட்டியைத் தேடித் திரும்பி வரும்.